கொட்டியாரக்குடாவின் குதிரைவலு

மோட்டார் வாகனத்தின் இயந்திரத்துக்குள் நைதரசு ஒட்சைட்டு வாயுவைச் செலுத்தினால் அதன் வலு சில விநாடிகளுக்குக் கணிசமாக உயரும் என்பது காரோட்டப் போட்டி ரசிகர்களுக்குப் புதிய செய்தியல்ல. 2001ஆம் ஆண்டில் ‘தி பாஸ்ட் அன்ட் த பியூரியஸ்’ என்ற ஹொலிவூட் திரைப்படம் வெளிவந்த பின்னர், உலகின் பல நகரங்களிலும் இளைஞர்கள் அந்தச் சிறு நீல நிற உருளையைப் பற்றிப் பேசத் தொடங்கினர். இயந்திரத்துக்கு எதை ஊட்டினால் எவ்வளவு வலு கிடைக்கும், அந்த வலுவுக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அதே கேள்வி திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர்க் கரையில் அன்றாடச் சோற்றுக்கான கேள்வியாக இருக்கின்றது. அங்கு பந்தயமில்லை. பாலில்லாத் தேநீரைக் குடித்துவிட்டு விடியுமுன் படகைத் தள்ளுகின்ற கடற்றொழிலாளி, போன தூரத்துக்குச் செலவான எரிபொருளின் விலையைப் பிடித்துவந்த மீன் ஈடுசெய்யுமா என்றுதான் கணக்குப் பார்க்கிறான்.

சம்பூரைச் சூழ்ந்துள்ள நிலவியலே இந்தக் கேள்விக்குத் தனியானதொரு கனதியைக் கொடுத்துவிடுகின்றது. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக்குடாவின் தென்கரைப் பக்கத்தில், மூதூருக்குக் கிழக்கே அமைந்துள்ளது சம்பூர். குடாவுக்கு எதிரே, வடமேற்கில், சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. பிரித்தானியர் தமது கடற்படைக்காகக் கட்டியவற்றுள் எஞ்சியிருப்பவை 99. 2022 ஜனவரி 6ஆம் திகதி கைச்சாத்தான உடன்படிக்கையின்படி அவற்றில் 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திடமும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்க, ஏனைய 61 இரு தரப்பினதும் கூட்டு நிறுவனமொன்றுக்கு ஒதுக்கப்பட்டன. சம்பூர் மண்ணிலோ, 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத் திட்டத்தை இணையவழியில் ஆரம்பித்து வைத்தனர். ஒரு கரையில் எண்ணெய், மறு கரையில் சூரியன். இரண்டுக்கும் நடுவே, குடாவின் நீரில், கண்ணாடியிழைப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கியபடி ஓடுகின்றன. சக்தி பற்றிய பெரும் பேச்சுகள் அனைத்தும் இந்தப் படகுகளின் தலைக்கு மேலாகவே நடந்து வந்துள்ளன என்பதே நமது ஆதங்கம்.

விடயத்தை அடியிலிருந்து பார்ப்பது நல்லது. இயந்திரத்தின் வலு எரிபொருளில் மட்டும் அடங்கியிருப்பதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மை. ஒரு கிலோ பெற்றோலை முழுமையாக எரிக்க ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்றிலும் எரிதலுக்கு உதவுவது ஐந்திலொரு பங்கு அளவிலான ஒட்சிசன் மட்டுமே. எஞ்சியதில் பெரும்பகுதி நைதரசன், சும்மா வந்து சூடேறி வெளியேறுவது. எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஆனால் சிலிண்டருக்குள் ஒரு தடவைக்கு எவ்வளவு காற்று நுழையும் என்பதை அதன் பருமன் தீர்மானித்துவிடுகின்றது. அடுப்புக்குள் விறகைத் திணித்துவிட்டு வாயை அடைத்தால் புகைதான் மிஞ்சும் என்பது எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் தெரிந்த பௌதிகம்.

நைதரசு ஒட்சைட்டு செய்வது இந்த வரம்பை மீறுவதுதான். பல் வைத்தியரும் சத்திர சிகிச்சை நிபுணரும் மயக்கமூட்டப் பயன்படுத்திவந்த ‘சிரிப்பூட்டும் வாயு’ இதுவே. இது எரிபொருள் அல்ல. தானாகப் பற்றி எரியாது. இதன் நிறையில் ஏறத்தாழ 36 வீதம் ஒட்சிசன்; சாதாரணக் காற்றில் அது 23 வீதமே. சிலிண்டருக்குள் இருக்கும் கடும் வெப்பத்தில் இந்த மூலக்கூறு உடைந்து தனது ஒட்சிசனை விடுவிக்கின்றது. உடைதலே வெப்பத்தையும் தருகின்றது. இன்னொரு நன்மையும் உண்டு. உருளையில் அமுக்கத்தின் கீழ் திரவமாக இருக்கும் இது, வெளியே வரும்போது மறை 88 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகின்றது. அந்தக் கடுங்குளிர் உள்ளே செல்லும் காற்றைச் சுருக்கி, அதே இடத்தில் கூடுதல் காற்றை அடைக்க வழி செய்கின்றது. கூடுதல் ஒட்சிசனுக்கு ஈடாகக் கூடுதல் பெற்றோலையும் பீய்ச்சினால், அதே இயந்திரம் 50, 100, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட குதிரைவலுவை மேலதிகமாகத் தருகின்றது.

ஆனால் பெற்றோலின் அளவு சற்றே குறைந்தாலும் சிலிண்டருக்குள் வெப்பம் எல்லை மீறி பிஸ்டன் உருகிவிடும். தாங்கும்படி வடிவமைக்கப்படாத இயந்திரத்தில் தண்டுகள் வளையும், அடைப்புகள் பிளக்கும். உருளையும் சில நிமிடப் பாவனைக்கே போதுமானது. பின்பு அதை நிரப்பப் பணம் வேண்டும். ஆக, இது வலுவை உற்பத்தி செய்யும் முறையல்ல. இயந்திரத்தின் ஆயுளையும் உரிமையாளரின் பணப்பையையும் அடகு வைத்து, குறுகிய நேரத்துக்கு வலுவைக் கடனாகப் பெறும் முறை.

கடனாக வலுப்பெற வேண்டிய தேவை முதன்முதலில் வானில்தான் எழுந்தது. உயரம் கூடக்கூடக் காற்று ஐதாகும். ஐதான காற்றில் இயந்திரம் மூச்சுத் திணறும். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் தமது போர் விமானங்களுக்கு நைதரசு ஒட்சைட்டை ஊட்டியது இதற்காகவே. பிரித்தானியர் பெரும்பாலும் காற்றை இயந்திரத்துக்குள் அழுத்தித் திணிக்கும் பொறியை நம்பினர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் அத்தகைய பொறி பூட்டியவையே. அன்று ஜப்பானிய விமானமொன்று எண்ணெய்க் குதமொன்றின் மீது வீழ்ந்து அதை எரித்தது என்பது திருகோணமலையில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. இயந்திர வலுவுக்கான போட்டியில் இக்குடா அன்றே ஒரு களமாகிவிட்டது. குடாவின் தென்கரை மக்களிடம் அப்போதும் எவரும் எதையும் கேட்கவில்லை.

இனிப் படகுக்கு வருவோம். இலங்கையின் கரையோர மீன்பிடியில் மிகப் பரவலாகக் காணப்படுவது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகாகும். இவ்வியந்திரங்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. உண்மையில் மண்ணெண்ணெய் இத்தகைய இயந்திரத்துக்கு உகந்த எரிபொருளே அல்ல. பெற்றோலைப் போல எளிதில் ஆவியாகாது; அமுக்கத்தைத் தாங்காமல் நேரத்துக்கு முன்னரே வெடித்து ‘தட்டும்’. ஆகையால் தயாரிப்பாளர்கள் இயந்திரத்தின் அமுக்க விகிதத்தைக் குறைத்து, அதாவது வலுவை வேண்டுமென்றே தியாகம் செய்து, மண்ணெண்ணெய்க்கென்று தனி வகையை உருவாக்கினர். பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு வர வேண்டும். தீப்பொறிச் செருகியில் கரி படியும். நடுக்கடலில் அதைக் கழற்றித் துடைக்காத கடற்றொழிலாளியைக் காண்பது அரிது. பந்தயக்காரன் இயந்திரத்துக்கு அதன் இயல்பை விடச் செழிப்பான உணவை ஊட்டுகிறான். நமது கடற்றொழிலாளி அதன் இயல்புக்குக் கீழான உணவை ஊட்டிப் பழக்கியிருக்கிறான். அவன் இதைச் செய்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: மண்ணெண்ணெய் மலிவாக இருந்தது. அதை மலிவாக வைத்திருந்தது அரசு.

கொட்டியாரக்குடாவில் இதற்கு முன்னர் இயந்திர வலுவைத் தீர்மானித்தது விலை அல்ல, பாதுகாப்புப் படை. போர்க்காலத்தில் வடக்கு கிழக்குக் கடற்றொழிலாளர் எத்தனை குதிரைவலு கொண்ட இயந்திரத்தைப் பயன்படுத்தலாம், எத்தனை மணிக்குப் புறப்படலாம், கரையிலிருந்து எவ்வளவு தூரம் செல்லலாம் என்பவை எல்லாம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தன. கடற்புலிகளின் படகுகள் பல பெரிய வெளியிணைப்பு இயந்திரங்களை ஒருங்கே பூட்டிச் சீறிய காலத்தில், வலுவான எந்த இயந்திரமும் சந்தேகப் பொருளானது. படைத்தரப்பின் நோக்கில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். விளைவு என்னவெனில், தென்னிலங்கைப் படகுகள் ஆழ்கடலை நோக்கி நகர்ந்த இரண்டு தசாப்தங்களில், இங்குள்ளவர்கள் கரையோரத்தைத் தாண்ட முடியாதவர்களாக நிறுத்தி வைக்கப்பட்டனர்.

பின்னர் அந்தக் கரையும் பறிபோனது. 2006 ஏப்ரல் இறுதியில் மூதூர் கிழக்கின் மீது நடத்தப்பட்ட வான்வழித் தாக்குதல்களோடும் எறிகணை வீச்சுகளோடும் இடப்பெயர்வு தொடங்கியது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் சம்பூர் இராணுவத்தின் வசமானது. 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்குப் பின் நிலக்கரி அனல்மின் நிலையம், கனரகக் கைத்தொழில் வலயம் எனத் திட்டங்கள் வந்தன. இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் இணைந்து 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்தை இங்கே நிறுவத் திட்டமிட்டன. கடல்நீரை இழுத்துக் குளிரூட்டி, வெந்நீராகக் கடலுக்கே திருப்பும் அத்திட்டம் குடாவின் மீன்வளத்தை என்ன செய்யும் என்பது கடற்றொழிலாளரின் கேள்வியாக இருந்தது. அவர்களோ கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக உயர் நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. திரும்பி வந்தவர்கள் படகையும் வலையையும் இயந்திரத்தையும் முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. அவர்களில் பலருக்குக் கைக்கு எட்டிய இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவதே.

இவ்வாறு வாங்கிய இயந்திரத்தின் மீதுதான் 2022 ஓகஸ்ட் மாதத்து நள்ளிரவு விலையேற்றம் வந்து விழுந்தது. அதுவரை லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய், 253 ரூபாவால் உயர்ந்து 340 ரூபாவானது. ஒரே இரவில் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதற்கு முந்திய மாதங்களில் மண்ணெண்ணெய் கிடைக்காமலே வரிசைகளில் காத்திருந்து சலித்தவர்கள், கிடைக்கத் தொடங்கிய வேளையில் வாங்க வசதியற்றவர்களாயினர். படகுகள் கரையேறின. கரையோரமெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நடைபெற்றன.

அரசாங்கத்தின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது அவசியம். இறக்குமதிச் செலவுக்கு மிகக் கீழான விலையில் மண்ணெண்ணெயை விற்றதால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பெரும் நட்டத்தைச் சுமந்தது. மலிவான மண்ணெண்ணெய் டீசலுடன் கலக்கப்பட்டு பஸ்களிலும் லொறிகளிலும் எரிந்தது என்பதும் ஊரறிந்த உண்மை. ஏழைக்கென்று கொடுக்கப்பட்ட சலுகையில் ஒரு பகுதி எவரெவருடைய தாங்கிகளிலோ கரைந்து போயிற்று. விலையைச் செலவுக்கு ஏற்ப நிர்ணயித்துவிட்டு, தேவைப்பட்டோருக்கு மானியத்தை நேரடியாக வழங்குவதே முறை என்று அப்போதைய எரிசக்தி அமைச்சர் கஞ்சன விஜேசேகர கூறியதில் பொருளாதார நியாயம் இல்லாமலில்லை.

தவறு வரிசையில்தான் நேர்ந்தது. மானியத்துக்கான ஏற்பாடு முதலிலும் விலையேற்றம் பின்னருமாக வந்திருக்க வேண்டும். நடந்தது மறுதலையாக. அதைவிடப் பெரிய தவறு, இதை வெறும் விலைப் பிரச்சினையாகக் கண்டது. பல தசாப்தங்களாகக் கொடுத்துவந்த மலிவு விலை, ஒரு சமூகம் முழுவதையும் குறிப்பிட்ட ஒரு வகை இயந்திரத்துக்குள் பூட்டிவிட்டது. விலையை நள்ளிரவில் மாற்றலாம். இயந்திரத்தை நள்ளிரவில் மாற்ற முடியாது. புதிய வெளியிணைப்பு இயந்திரமொன்றின் விலை ரூபாவின் வீழ்ச்சியோடு எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட ஆண்டும் அதே 2022தான்.

இனி நாம் கேட்க வேண்டியது, இந்த இயந்திரம் தனக்கு ஊட்டப்பட்ட எரிபொருளை என்ன செய்கின்றது என்பதாகும். இங்குதான் நைதரசு ஒட்சைட்டுப் பாடம் தலைகீழாகப் பயன்படுகின்றது. பந்தயக் காரின் குறை, ஒட்சிசன் போதாமை. கடற்றொழிலாளியின் இரட்டை அடிப்பு இயந்திரத்தின் குறை அதுவல்ல. அதில் எரிந்த புகையை வெளியே தள்ளுவது புதிதாக நுழையும் எரிபொருட் கலவையே. தள்ளுகின்ற அவசரத்தில் அக்கலவையின் ஒரு பங்கும் எரியாமலே புகையோடு வெளியேறிவிடுகின்றது. நான்கு லீற்றர் ஊற்றினால் ஒரு லீற்றர் அளவு வீணாகும் நிலைமைகூட உண்டு. கூடவே கலக்கப்படும் மசகெண்ணெயும் போகின்றது. படகின் பின்னால் நீரில் விரியும் வானவில் நிறப் படலம் கடற்றொழிலாளியின் காசு. குடாவின் மீன்களுக்கும் அது நன்மை செய்வதில்லை.

இது இன்று கண்டுபிடித்த உண்மையல்ல. சென்னையைத் தளமாகக் கொண்டு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு நடத்திய வங்காள விரிகுடா மீன்பிடித் திட்டம், சிறு படகுகளின் எரிபொருட் செலவைக் குறைப்பது பற்றிய அறிக்கையொன்றை 1986ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. அத்திட்டத்தில் இலங்கையும் பங்காளி. மண்ணெண்ணெய் வெளியிணைப்பு இயந்திரத்தோடு ஒப்பிட்டால் சிறிய டீசல் இயந்திரம் அதே வேலையை ஏறத்தாழப் பாதி எரிபொருளில் முடித்துவிடும் என்பது அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. அதைவிட எளிதான இன்னோர் உண்மையும் உண்டு. நீரைப் பிளந்து செல்லும் படகின் வேகத்தை இரட்டிப்பாக்க வலுவை ஏறக்குறைய எட்டு மடங்காக்க வேண்டும். மாறாக, வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே எரிபொருள் பெருமளவில் மிச்சப்படும். செலவில்லாத சீர்திருத்தம் இது. ஆனால் சந்தை நேரம் முடியுமுன் மீனைக் கரை சேர்க்க வேண்டியவனிடம், குளிரூட்டி வைக்கப் பனிக்கட்டியில்லாத இறங்குதுறையில் நின்றுகொண்டு, மெதுவாகப் போ என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. பனிக்கட்டி கிடைத்தால் வேகம் தானாகக் குறையும். இயந்திரத்தைத் தொடாமலேயே எரிபொருளை மிச்சப்படுத்தும் வழி அது.

டீசலுக்கு மாறுவதிலும் சிக்கல் இல்லாமலில்லை. டீசல் இயந்திரம் பாரமானது. மணற்கரையில் இழுத்தேற்றும் படகுக்கு அது சுமை. தமிழகக் கடற்கரையில் நீண்ட தண்டுடன் கூடிய சிறு டீசல் இயந்திரங்களை கண்ணாடியிழைப் படகுகளில் பூட்டி, அலையைக் கடந்து இறக்கி ஏற்றப் பழகிக் கொண்டார்கள். அங்கு வரி விலக்களிக்கப்பட்ட டீசல் படகுக்கு இத்தனை லீற்றர் என்ற ஒதுக்கீட்டில் வழங்கப்படுகின்றது. கேரளமோ நம்மைப் போல மண்ணெண்ணெயை நம்பி, மத்திய அரசு ஒதுக்கீட்டைக் குறைக்கக் குறைக்கத் தத்தளித்தது. சமையல் எரிவாயுவில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களைப் பரிசோதிக்கும் நிலைக்கு வந்தது. நால் அடிப்புப் பெற்றோல் இயந்திரம் இன்னொரு வழி. அதில் கலவை வீணாவதில்லை, விலைதான் கூடுதல். இவற்றில் எது கொட்டியாரக்குடாவுக்குப் பொருந்தும் என்பதைக் கொழும்பில் இருந்துகொண்டு தீர்மானிப்பதைவிட, மூதூரிலும் சம்பூரிலும் பத்துப் படகுகளில் பூட்டி ஓராண்டு ஓடவிட்டுப் பார்ப்பது மேல். அதற்கான செலவு ஒரு திறப்பு விழாவின் பந்தல் செலவை மிஞ்சாது.

மின்சாரத்தால் ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும், சம்பூரில் சூரிய மின்நிலையம் என்று சொல்லிவிட்ட பின்பு. ஆழ்கடலுக்குச் சென்று திரும்ப இன்றைய மின்கலங்கள் போதா. ஒரு கிலோ மின்கலத்தில் அடங்கும் சக்தி ஒரு கிலோ எரிபொருளில் அடங்குவதில் மிகச் சிறு பகுதியே. எனினும் கொட்டியாரக்குடா ஆழ்கடல் அல்ல. பெருங்காற்றிலிருந்து ஓரளவு காப்புள்ள, குறுகிய தூரப் பயணங்களே அதிகமுள்ள நீர்ப்பரப்பு. இறால், நண்டு, சிறு மீன் பிடிப்போர் காலையில் போய் முற்பகலில் திரும்புகின்றனர். பகல் முழுவதும் படகு கரையில் கிடக்கின்றது. வெயிலும் அந்த நேரத்தில்தான் கொழுத்துகின்றது. மின்னேற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேளை வேறில்லை.

ஆனால் 120 மெகாவாற் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் ஏறித் தேசிய வலையமைப்புக்குள் செல்வதற்காகத் திட்டமிடப்பட்டது. மேய்ச்சல் நிலமும் வயலும் இருந்த மண்ணிலிருந்து எழும் சக்தியில் சிறு பங்கேனும் அதே மண்ணின் இறங்குதுறைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையைத் திட்டத்தில் சேர்க்கும்படி கேட்பது அதிகப்படியான கோரிக்கையாகாது. ஒரு மின்னேற்ற நிலையம், ஒரு பனிக்கட்டி ஆலை, படகுகளின் இயந்திரத்தை மாற்ற வட்டி குறைந்த கடன்: மூன்றும் சேர்ந்தாலும் 120 மெகாவாற்றில் ஒரு மெகாவாற்றுக்கான செலவை எட்டுமா என்பது சந்தேகமே. மூதூர்ப் பிரதேச செயலகத்திலும் கடற்றொழில் திணைக்களத்திலும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க ஓர் அரை நாள் போதும்.